விட்டதைப் பிடிக்க ஓடாமல் இருக்க: தனி பேங்க்ரோலா, மாதத் தொகையா?

பொழுதுபோக்காகப் போக்கர் ஆடுபவர்கள் பணத்தைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்கென்றே ஒரு தொகையை மொத்தமாக ஒதுக்கி, அது ஏற ஏறப் பெரிய மேசைக்கும் இறங்க இறங்கச் சின்ன மேசைக்கும் போவது ஒன்று. இதுதான் பேங்க்ரோல். மாதாமாதம் வருமானத்தில் ஒரு சிறு தொகையை எடுத்துவைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம் வரை ஆடாமல் இருப்பது மற்றொன்று. முதல் வழியில் ஒன்றரை வருடம் இருந்தேன். இப்போது இரண்டு வருடமாக மாதத் தொகைதான். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

வீட்டுச் செலவுக்கான பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு முறைக்கும் அது பொது.

பேங்க்ரோல் முறை ஒழுங்கானது, சந்தேகமில்லை. 2000-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் பெர்குசன், பின்னாளில் ஒரு பைசாக்கூடப் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் வரை சேர்த்துக் காட்டினார். கேஷ் கேமில் (எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய, நேரடிப் பண ஆட்டம்) கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் மேசைக்குக் கொண்டுபோவதில்லை, பெரிய டோர்னமென்ட்டில் (நுழைவுக் கட்டணம் கட்டிப் பரிசுக்கு ஆடும் போட்டி) 2 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை என்பவை அவர் வைத்துக்கொண்ட விதிகள். நானும் அதே வழியில் 30 பை-இன் ஒதுக்கினேன். பை-இன் என்பது மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை. ஒரு பை-இன் என்றால் 100 பிக் பிளைண்ட், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் கட்டாயமாகப் போடும் பெரிய பந்தயத்தைப் போல நூறு மடங்கு. 20-க்குக் கீழே போனால் ஒரு படி இறங்கி ஆட வேண்டும் என்று நானே விதியும் எழுதிவைத்தேன்.

எட்டு மாதத்தில் 11 பை-இன் போனது. கையில் 19. விதிப்படி இறங்கியிருக்க வேண்டும், நான் இறங்கவில்லை. சம்பளத்திலிருந்து ஐந்தை எடுத்துப் போட்டு, ‘இந்த ஒரு முறைதான்’ என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் இன்னொரு முறையும் போட்டேன்.

நான் முறையை மாற்றியது இந்த இடத்தில்தான். தொடர்ந்து தோற்கும்போது மறுபடி பணம் போடுவதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பேங்க்ரோல் முறையில் நாமே முடிவு செய்கிறோம். அதுவும் மனம் கொதித்துப்போய் டில்ட்டில் இருக்கிற நேரத்தில். சின்ன மேசைக்கு இறங்கினால் விட்டதைப் பிடிக்க ரொம்ப நாளாகும் என்ற எண்ணம் வந்துவிட்டால், எழுதிவைத்த விதி நிற்பதில்லை. மாதத் தொகையில் அந்த முடிவு நாட்காட்டியிடம் போய்விடுகிறது. தேதி 14, பணம் தீர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதம் பிறப்பதற்குள் கொதிப்பும் அடங்கிவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்குச் சுமார் 30 கைதான் வரும். வாரத்தில் ஒரு மாலை, நான்கு மணி நேரம் என்றால் 120 கை. 10,000 கையை எட்டவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அந்த 10,000 கூடப் போதாது. நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் திறமை உண்மையிலேயே ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 கையில் அவருக்கு 500 வர வேண்டும். ஆனால் நோ-லிமிட் ஹோல்டெமில் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) அத்தனை கைக்கு 900 பிக் பிளைண்ட் மேலும் கீழும் ஆடுவது சாதாரணம். அதனால் அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் அந்தக் கட்டத்திலும் நஷ்டத்தில்தான் இருப்பார்கள்.

அப்படியானால் என் எட்டு மாதத் தோல்வி கெட்ட நேரமா, கெட்ட ஆட்டமா? எனக்குத் தெரிய வழியே இல்லை. பேங்க்ரோல் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் எல்லாக் கணக்கும், நாம் நீண்ட காலத்தில் ஜெயிப்பவர் என்பதை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. ரேக், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு, கழித்த பிறகும் லாபத்தில் இருப்பவர்கள் குறைவு. மற்றவர்களுக்குப் பெரிய பேங்க்ரோல் பாதுகாப்பு ஆகாது, பணம் தீரும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே. மாதத் தொகை அதை வெறும் செலவாகப் பார்க்கிறது. ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் செலவழிக்க நினைத்த பணம்தான் செலவானது.

நான் மாதத்துக்கு மூன்று பை-இன் வைக்கிறேன். மாதக் கடைசியில் மிஞ்சியதும் ஜெயித்ததும் சேமிப்புக்குத் திரும்பிவிடும், அடுத்த மாதத்தோடு சேராது. இரண்டு வருடத்தில் நான்கு மாதங்கள் பாதியிலேயே தீர்ந்திருக்கின்றன. அந்த வாரங்களில் பழைய கைகளைக் குறிப்பேட்டில் எழுதி அலசினேன். பதற்றத்தில் நான் எவ்வளவு ஃப்ளஷ் டிராக்களுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுச் சேர இன்னும் ஒன்று மட்டும் வேண்டிய நிலை) பின்னால் ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஃப்ளாப்பில் (மேசையில் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு) இருந்து மீதி இரண்டு சீட்டும் பார்த்தாலே 35 சதவீதம்தான் சேரும். நான் அதைப் பாதிக்குப் பாதி போல நினைத்து ஆடியிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. மூன்றாவது பை-இன்னோடு உட்காரும்போது கை நடுங்குகிறது. துணிந்து ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்ற வேண்டிய இடத்தில், எதிராளி போட்டதற்கு ஈடு மட்டும் கட்டிக் கால் செய்கிறேன். இதற்கு இன்னும் சரியான மருந்து கிடைக்கவில்லை. கடைசி பை-இன்னை மட்டும் ஒரு படி கீழே உள்ள மேசையில் ஆடிப் பார்க்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை. மேலே உள்ள மேசைகளுக்கு ஏறவும் இந்த முறை உதவாது. ஏற வேண்டும் என்பவருக்கு பேங்க்ரோல்தான் சரி.

ஆன்லைனில் ஒரே நேரத்தில் நான்கு மேசை ஆடுபவருக்கு 10,000 கை என்பது சில வார வேலை. தன் ஆட்டம் எப்படி என்று அவர் சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம், அதனால் என் வாதம் அவரிடம் வலுவிழக்கும். டோர்னமென்ட் நான் ஆடியது ஒரு டஜன்கூட இருக்காது. அங்கே பரிசு மேல் இடங்களில் குவிவதால் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் இன்னும் அதிகம். மூன்று பை-இன் மாதத் தொகை அதற்குத் தாங்குமா என்று ஆடிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.