பழுப்புக் கண்ணாடி, நீலக் கண்ணாடி, ஒளிபுகா உலோகம்: மூலிகைச் சேர்மங்களுக்கு எந்தக் கலன்?

ஒரு சேர்மம் தான் உறிஞ்சும் ஒளியால் மட்டுமே நேரடியாகச் சிதையும் என்பதால், கலனைத் தேர்ந்தெடுக்கும் முன் அதற்குள் வைக்கப்போவது எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று அறிவது அவசியம். செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசின் 350 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. அப்போது அதன் ஏழணு வளையம் நான்கணு வளையமும் ஐந்தணு வளையமும் ஒட்டிய அமைப்பாக மாறி, லூமிகோல்ச்சிசின் உருவாகிறது. மூலக்கூறு எடை மாறாவிட்டாலும், மருந்தின் செயலுக்கு அடிப்படையான, உயிரணுப் புரதமான டியூபுலினோடு பிணையும் திறன் போய்விடுகிறது. மிளகின் பைபரினும் ஏறத்தாழ இதே பகுதிக் கதிரை உறிஞ்சி, காரம் குறைந்த மாற்றியங்களாக (அதே அணுக்கள், வேறு அமைப்பு) மாறுகிறது. மஞ்சளின் குர்குமினோ 425 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியிலேயே சிதைந்து, வனிலின், ஃபெருலிக் அமிலம் போன்றவற்றைத் தருகிறது. கரைசலின் மஞ்சள் நிறம் வெளிறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

நிறமற்ற கண்ணாடி இம்மூன்றில் எதையும் காக்காது. நீலக் கண்ணாடி பார்வைக்கு அடர்த்தியாகத் தோன்றினாலும், நீல ஒளியைத் தாராளமாக உள்ளே விடுவதால்தான் அது நீலமாகத் தெரிகிறது. ஆகவே குர்குமினை அதில் அடைப்பதை நான் ஏற்கமாட்டேன். பழுப்புக் கண்ணாடி 450 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. அமெரிக்க மருந்தியல் தரநூலும் ஒளித்தடைக் கலன்களை 290 முதல் 450 நானோமீட்டர் வரையிலான பகுதியில்தான் சோதிக்கச் சொல்கிறது. தூய கோல்ச்சிசினுக்கும் பைபரினுக்கும் இது போதுமானது. உள்ளே படிவு சேர்ந்தால் வெளியிலிருந்தே தெரிவதும் நல்ல வசதி.

பச்சை இலைச் சாறுகளின் நிலை வேறு. அவற்றிலுள்ள குளோரோஃபில் 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளியையும் உறிஞ்சுகிறது. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுப்பதில்லை. கிளர்வுற்ற குளோரோஃபில் தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்த, வினைத்திறன் மிகுந்த ஒற்றைநிலை ஆக்சிஜன் தோன்றி, ஒளியையே உறிஞ்சாத அண்டைச் சேர்மங்களையும் தாக்குகிறது. குளோரோஃபிலை நீக்காத சாற்றுக்கு ஒளிபுகா அலுமினியக் கலனையோ, அட்டைப்பெட்டிக்குள் வைத்த பழுப்புப் புட்டியையோதான் பரிந்துரைப்பேன். அலுமினியத்தில் உட்பூச்சு கீறினால் அமிலச் சாறு உலோகத்தை அரிக்கும் என்பதால், புளிப்பான சாறுகளுக்கு இரண்டாவது வழியே மேல். வெள்ளை நெகிழிப் புட்டி ஓரளவு ஒளியையும் ஆக்சிஜனையும் உள்ளே விடுவதால் நீண்டகாலச் சேமிப்புக்கு உகந்ததல்ல.

எதைத் தேர்ந்தாலும், மருந்துத் துறையின் பன்னாட்டு நெறிமுறை கோரும் குறைந்தபட்ச அளவான 12 லட்சம் லக்ஸ்-மணி ஒளியையும், சதுர மீட்டருக்கு 200 வாட்-மணி புற ஊதாக் கதிரையும் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதே சரி. அலுமினியத் தாளில் முழுதாகச் சுற்றிய ஒரு மாதிரியையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதுவும் அதே அளவு சிதைந்திருந்தால், காரணம் ஒளியல்ல, விளக்கின் வெப்பம்.