மரண விசாரணையும் இழப்பீட்டு வழக்கும்

இங்கிலாந்தில் மருத்துவமனை மரணம் ஒன்று மரண விசாரணைக்குப் போனால், கொரோனர் (அந்த விசாரணையை நடத்தும் அதிகாரி) கேட்பவை நான்கே: இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி? 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் யாரையும் பெயர் சொல்லிப் பொறுப்பாளியாக்க முடியாது. ஆனால் சிகிச்சையளித்த மருத்துவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அவர்கள் சார்பில் அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் பாரிஸ்டரின் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரின்) மிக மனிதத்தன்மையான வேலை என்பேன். வருங்கால மரணங்களைத் தடுக்க கொரோனர் அனுப்பும் அறிக்கைக்கு 56 நாளில் பதில் தர வேண்டும்.

இழப்பீட்டு வழக்கில் 1957ஆம் ஆண்டின் போலம் தீர்ப்பு வகுத்த அளவுகோல்படி (பொறுப்புள்ள சக மருத்துவர்கள் சரியென்று ஏற்கும் சிகிச்சையா என்பதே அது) கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். பெரும்பாலும் சமரசத்தில் முடிவதால் மருத்துவர் கூண்டேறுவதில்லை. சம்பாதித்தவரை இழந்த வீட்டுக்கு அந்தப் பணம் அவசியம். அதற்காக, மரண விசாரணைக்கு வழக்கறிஞர் இல்லாமல் போய்விடாதீர்கள். அங்கே வெளிவரும் சாட்சியம் வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.