ஸ்க்ரமா, கான்பனா? இரண்டையும் ஓட்டிப் பார்த்த ஏழு பேர் குழு

பெங்களூரு மாரத்தஹள்ளியில் உட்கார்ந்து லாரி கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஏழு பேர் நாங்கள். பாதி நேரம் புது வேலை, மீதி நேரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பழுதுபார்ப்பது. "இனிமேல் அஜைல்" (சின்னச் சின்னதாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் பாணி) என்று மேலிருந்து சொன்னதும் மூன்று மாதம் ஸ்க்ரம் ஓட்டினோம்: இரண்டு வாரத்துக்கான வேலையை முதலிலேயே ஒப்புக்கொண்டு அதற்குள் முடிக்கப் பார்ப்பது. அப்புறம் கான்பனுக்கு, அதாவது ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுக்கும் முறைக்கு மாறினோம், இன்னும் அதில்தான் இருக்கிறோம். நான் யார் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

எல்லோர் கண்ணிலும் படுகிற போர்டு, சின்னத் துண்டுகளாக வேலை, அடிக்கடி ரிலீஸ்: இவை இரண்டிலும் உண்டு. ஸ்க்ரமில் மீட்டிங் அதிகம் என்று புலம்புவார்கள். இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு (ஸ்க்ரமின் ஒரு சுற்று) கணக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து பத்து மணி நேரத்துக்குள்தான் வரும். அது பெரிய விஷயமில்லை.

எங்களைக் கவிழ்த்தது நடுவில் வந்து விழும் வேலை. விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் மாதாமாதம் 11-ஆம் தேதி. எட்டாம் தேதியிலிருந்தே வாடிக்கையாளர்களின் போன் ஓயாது. ஒருவருக்கு இன்வாய்ஸ் எண் இரட்டிப்பாகியிருக்கும், இன்னொருவருக்கு வரி விகிதம் தவறியிருக்கும். திங்கட்கிழமை பிளானிங்கில் 'முடித்துத் தருகிறோம்' என்று ஒப்புக்கொண்டது புதன்கிழமையே உடைந்துவிடும். முப்பது சதவீத நேரத்தைக் காலியாக வைத்துப் பார்த்தோம். ஒரு ஸ்பிரிண்டில் அது சும்மா கிடந்தது, அடுத்ததில் இரண்டு மடங்கு தேவைப்பட்டது. ஆறு ஸ்பிரிண்டிலும் ஸ்பில்ஓவர், முடியாத வேலை அடுத்ததற்கு வழிந்தது. ஸ்பிரிண்ட் முடிவில் எது சரி, எது தப்பு என்று பேசும் ரெட்ரோவில் ஒரே ஒப்பாரி. யாரும் சோம்பேறி இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் தோற்றவர்களாக எழுந்து போனோம்.

கான்பன் டொயோட்டா ஆலையின் அட்டை முறை. அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன், 2004 வாக்கில் முதலில் அமல்படுத்தியது மைக்ரோசாஃப்டின் ஒரு பராமரிப்புக் குழுவில். அந்தக் குழு வேலை பார்த்தது ஹைதராபாத்தில். பழுதுபார்க்கும் ஆட்களிடம் வளர்ந்த முறை என்பதால்தான் எங்களுக்கும் பொருந்தியது என்று நினைக்கிறேன். புதுப் பதவி எதுவும் வேண்டாம், இருக்கிற வேலை முறையிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் ஆபீஸ் பக்கத்து தர்ஷினியில் (நின்றே சாப்பிடும் ஓட்டல்) தோசை மாஸ்டரைப் பார்த்திருக்கிறேன். கல்லில் எட்டு பிடிக்குமென்றால் ஒன்பதாவதை ஊற்ற மாட்டார், எத்தனை டோக்கன் நீட்டினாலும் சரி. கான்பனின் விப் லிமிட், அதாவது ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கான வரம்பு, அவ்வளவுதான். வாரத்துக்கு ஏழு டிக்கெட் (ஒரு டிக்கெட் என்பது ஒரு தனி வேலை) முடிக்கிற குழு ஒரே நேரத்தில் 21-ஐக் கையில் வைத்திருந்தால் ஒன்று முடிய சராசரியாக மூன்று வாரம். பத்தாகக் குறைத்தால் பத்து நாள். லிட்டில் விதி என்பது இந்த எளிய வகுத்தல்தான்.

ஆனால் இந்த லிமிட்டைக் காப்பாற்றுவதுதான் கான்பனின் நிஜமான பராமரிப்புச் செலவு. முதல் மாதம் தினமும் யாராவது "சின்ன வேலைதானே" என்று ஒன்றைச் செருகப் பார்ப்பார்கள். நானும் செய்தேன். ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் தம்பிதான் மடக்கினான்: "அண்ணா, வைங்க, வேணாம்னு சொல்லல. எதைக் கீழ இறக்கணும்னு மட்டும் சொல்லுங்க." என்னிடம் பதில் இல்லை. லிமிட்டை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது மூன்று நெடுவரிசை போட்ட வேலைப் பட்டியல், அதற்கு ஸ்க்ரமே மேல். ஸ்பிரிண்ட் முடிகிற தேதியாவது ஒரு கடிவாளமாக இருக்கும்.

நான் பார்த்தது இந்த ஒரு குழுவைத்தான். போன் வராத, புதிதாக ஒரு ப்ராடக்டைக் கட்டுகிற குழுவாக இருந்தால் ஸ்க்ரமையே முதலில் எடுப்பேன். என்ன கட்டுவது என்பதே தெளிவாகாத நிலையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்பது பெரிய பலம். ரெட்ரோவை நாங்கள் இன்றும் விடவில்லை.

எப்போது முடியும் என்று கேட்டால் முன்பு ஸ்டோரி பாயிண்டை, அதாவது வேலையின் அளவுக்குக் குத்துமதிப்பாகப் போடும் எண்ணை, கூட்டிச் சொல்வோம். இப்போது "இந்த மாதிரி வேலையில் பத்தில் எட்டு டிக்கெட் ஒன்பது நாளுக்குள் முடிந்திருக்கிறது" என்கிறோம். வாடிக்கையாளர்கள் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் சேல்ஸ் ஆட்கள்தான் மீதி இரண்டு எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.