வெர்மிகுலைட்டா, சியோலைட்டா? வெப்பம் சேமிக்க உப்பை எதில் ஏற்றலாம்

உலர்ந்த உப்பில் ஈரக்காற்றை ஊதினால் உப்பு நீரைப் பிடித்துக்கொண்டு வெப்பத்தை விடும், சூடாக்கித் திரும்ப உலர்த்தினால் மறுபடி தயார். ஆனால் வெறும் உப்பைக் கலனில் கொட்டினால் சில சுற்றுகளிலேயே கட்டிதட்டி, காற்று புக வழியில்லாமல் போய்விடும். அதனால்தான் நுண்துளைக் கனிமத்தில் ஏற்றுகிறோம்.

சியோலைட் 13எக்ஸ் (செயற்கையாகச் செய்யும் ஒரு நுண்துளைக் கனிமம்) உப்பு இல்லாமலே நன்றாக நீரை உறிஞ்சும், பலருக்கு முதலில் பிடித்துப்போவதும் அதனால்தான். ஆனால் அதன் துளை 1 நானோமீட்டர் அளவுதான். உப்பைக் கூட்டக் கூட்ட வாய் அடைபட்டு, சியோலைட் தன் சொந்த வேலையையும் இழக்கும். இன்னொன்று, கரைசலில் ஊறும்போது அதன் சோடியம் அயனிகள் வெளியேறி கால்சியமோ மெக்னீசியமோ உள்ளே உட்காரும், ஆக நாம் ஏற்றியதாக நினைக்கும் உப்பு அப்படியே உப்பாக இருக்காது. முழுசாக உலர்த்த 150 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் நீர் சூடாக்கும் சாதாரண சூரியத் தகட்டின் வெப்பம் போதாது.

வெர்மிகுலைட் சூடாக்கினால் அடுக்கடுக்காக விரியும் மைக்கா போன்ற கனிமம்; விரிந்த வெர்மிகுலைட்டில் அடுக்குகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் கணக்கில் இடைவெளி இருக்கிறது, எடையில் பாதிக்கு மேல் உப்பாகவே ஏற்றலாம். கால்சியம் குளோரைடு ஏற்றினால் 100 டிகிரிக்குக் கீழேயே பெரும்பகுதி நீர் போய்விடும். குறை என்னவென்றால், அந்த உப்பு அறை வெப்பத்தில் 30 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே கரைந்து திரவமாகும், பெரிய துளை அதை இறுக்கிப் பிடிக்காது, வடிந்த கரைசல் உலோகத்தை அரிக்கும். மெக்னீசியம் சல்பேட் இப்படி எளிதில் வழியாது, கனமீட்டருக்கு 2.8 கிகாஜூல் வெப்பம் சேமிக்கலாம் என்று கோட்பாட்டளவில் கணக்கும் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் நீரை மெதுவாகத்தான் ஏற்கிறது, கிடைக்கும் சூடும் குறைவு.

என் தேர்வு வெர்மிகுலைட்டும் கால்சியம் குளோரைடும்தான். சரி, ஏற்றுவது எப்படி? கரைசலில் முக்கி வடிகட்டுவது சுலபம், ஆனால் வெளிப்பரப்பில் உப்புப் படலம் தங்கும், முதலில் வழிவதும் அதுதான். அதைவிட, உலர்ந்த கனிமத்தை எடைபோட்டு, வெளியே பளபளப்புத் தெரியும்வரை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அது குடிக்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் புதிதாக எடுத்த கனிமத்தில் அதே அளவு கரைசலை மட்டும் விட்டுக் கிளறி உலர்த்தலாம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: துளை கொள்ள வேண்டியது காய்ந்த உப்பை மட்டுமல்ல, ஈரத்தில் அது கரைந்து பெருகும் கரைசல் முழுவதையும். ஒரு பிடியை வடிதாள்மேல் பரப்பி, கலனில் வரப்போகும் அதே ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், தாளில் ஈர வளையம் விழுந்தால் அடுத்த முறை உப்பைக் குறையுங்கள்.