ஹாக்லருக்கு எதிரே இன்றைய மிடில்வெயிட்: அலிம்கானுலி, லாரா, அடமஸ்

1980களின் குத்துச்சண்டைச் சாம்பியன் மார்வின் ஹாக்லரை இன்றைய ஆட்களோடு எதிரெதிரே நிறுத்துவதற்கு முன் தராசைச் சரிசெய்ய வேண்டும். மிடில்வெயிட் எடை வரம்பு அன்றும் இன்றும் 160 பவுண்டுதான், ஏறக்குறைய 72.6 கிலோ. ஆனால் ஹாக்லர் பட்டம் வென்ற 1980இல் சண்டை நாள் காலையில்தான் எடை பார்த்தார்கள். இன்று முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஏற்றிக்கொண்டு 10 பவுண்டுக்கு மேல் கூடியே பலர் வளையம் ஏறுகிறார்கள். உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஐபிஎஃப் மட்டும் மறுநாள் காலை மறுபடி எடை பார்த்து, 170ஐத் தாண்டவிடாமல் வைத்திருந்தது. ஆக, ஹாக்லர் நிஜமான 160. இவர்கள் உடம்பை வற்றவைத்து 160க்கு வருபவர்கள். அதன் விலையும் பெரிது. 2024 ஜூலையில் எடை இறக்கும்போது நீர்ச்சத்து வற்றி அலிம்கானுலி மருத்துவமனைக்குப் போக, சண்டையே ரத்தானது.

அடுத்தது ரவுண்டு கணக்கு. 1983 நவம்பரில் ரொபெர்தோ துரானுடன் 13 ரவுண்டு முடிந்தபோது ஹாக்லர் நடுவர்களின் கணக்கில் முன்னிலையில் இல்லை. கடைசி இரண்டு ரவுண்டுகளை எடுத்துத்தான் ஜெயித்தார். அன்றைய 15 ரவுண்டுக்கு மூச்சைப் பங்கிட்டு வைத்திருந்தவர் அவர். இன்றைய 12 ரவுண்டில் அந்த நிதானமே அவருக்குப் பாதகமாகும்.

இனி ஜானிபெக் அலிம்கானுலி. கஜகஸ்தான்காரர், சவுத்பா (வலக்கையும் வலக்காலும் முன்னே வைத்து நிற்பவர்), 2013இல் அமெச்சூர் உலகச் சாம்பியன். முன்னிருக்கும் வலக்கையின் நேர்க்குத்தால், அதாவது ஜாபால், எதிராளியின் கண்ணை மறைத்துவிட்டு, பின்னிருக்கும் இடக்கையை நேராகவோ, கீழிருந்து மேலே போகும் அப்பர்கட்டாகவோ ஏற்றுவார். இடக்காலை முன்வைக்கும் வலக்கைக்காரர்களிடம் இது அருமையாக வேலை செய்கிறது. முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைத்துவிட்டால் இடக்கைக்கு நேர்வழி திறந்துவிடும். எதிரே நிற்பவரும் சவுத்பா என்றால் அந்தக் கோணம் அடைபடும். யாருடைய ஜாப் கனமானது என்பதே கேள்வியாகிவிடும்.

அங்கேதான் ஹாக்லர் மேல். பிறவியில் வலக்கைக்காரரான அவர் சவுத்பாவாக நின்றதால், பலமான கையே முன்னால் இருந்தது. 75 அங்குலக் கைநீட்டம் வேறு. ஆலன் மின்டர், முஸ்தபா ஹம்ஷோ இருவருமே சவுத்பா. இருவர் முகத்தையும் கிழித்தார். மின்டர் மூன்றாவது ரவுண்டோடு முடிந்தார். ஹம்ஷோ முதல் சந்திப்பில் 11 வரை தாங்கி, 1984இல் மூன்றிலேயே விழுந்தார்.

2025 ஏப்ரல் வரை அலிம்கானுலியின் சண்டைகளில் 12 ரவுண்டு முழுக்கப் போனது டென்சல் பென்ட்லியுடன் மட்டும்தான். விடாமல் நெருக்கும் ஆளிடம் பத்தாவது ரவுண்டில் அவர் கால்கள் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் வரலாற்றில் சான்று குறைவு. என் கணிப்பு: முதல் ஐந்து அலிம்கானுலிக்கு, பிறகு சரிவு, 15 ரவுண்டு என்றால் 12க்குப் பின் ஹாக்லர் நிறுத்துவார். 12 ரவுண்டு என்றால் ஓரிரு புள்ளியில்தான் தீரும்.

எரிஸ்லாண்டி லாராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியூபப் பள்ளியின் அழகான காலாட்டம். ஆனால் 1983இல் பிறந்தவர். ஹாக்லரின் நெருக்கத்தில் 40ஐத் தாண்டிய கால்கள் கயிற்றோரம் சிக்கிவிடும்.

கார்லோஸ் அடமஸ் சுவையான ஜோடி, ஏனென்றால் ஹாக்லரைப் போல அவரும் நிலை மாற்றுபவர், சவுத்பாவாகவும் வலக்கைக்காரராகவும் மாறி மாறி நிற்பவர். வித்தியாசம் மாற்றும் விதத்தில். ஹாக்லர் இடக்கையை வீசும்போதே இடக்காலையும் முன்னே கொண்டுவந்துவிடுவார். அடி முடியும் கணத்தில் அவர் வலக்கை நிலையில் நிற்பார். அடுத்த வலக்கை முழு எடையோடு வரும். அடி போடாமல் நின்ற இடத்தில் நிலை மாற்றுகிறவருக்கு அந்தக் கணத்தில் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்து, தள்ளினாலே தடுமாறும். அடமஸிடம் சில நேரம் இந்தக் குறை தெரிகிறது. தாடைப் பலத்திலும் ஹாக்லரே மேல்: 1985இல் 6 அடி 1 அங்குல டாமி ஹெர்ன்ஸின் வலக்கைகளை முதல் ரவுண்டில் வாங்கிக்கொண்டே முன்னேறி, மூன்றாவதில் முடித்தவர் அவர். 67 சண்டைகளில் தரையிறங்கியதாக எண்ணப்பட்டது ஒரே முறை, ஹுவான் ரோல்டானிடம். அதையும் வழுக்கல் என்று சொல்வோர் உண்டு.

ஹாக்லரின் நிஜமான பலவீனம் அவர் தொடக்கம். 1987இல் ஷுகர் ரே லியோனார்டுக்கு எதிராக 12 ரவுண்டு, 20 அடி வளையம், 10 அவுன்ஸ் கையுறை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்; அதற்கு மேல் முதல் ரவுண்டுகளை வலக்கை நிலையில் நின்று வீணடித்தார். பிளவுத் தீர்ப்பில் லியோனார்டிடம் தோற்றார். ஒரு நடுவர் 115-113 என்று ஹாக்லருக்கே கொடுத்திருந்தார். அலிம்கானுலிக்கு எதிராகவும் அதே தொடக்கம் என்றால் தோற்பார். மணி அடித்ததும் வலக்கால் முன்னே இருந்தால், என் பணம் ஹாக்லர் மேல்.