ஞாயிற்றுக்கிழமை ஊசி: ஐந்து மாத அனுபவம்

94 கிலோவில் தொடங்கினேன், இன்று 85. எடை குறைக்க வாரம் ஒரு டிர்செபடைட் மருந்து ஊசி, ஞாயிறு காலை காபிக்கு முன்னால், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையத்தில் கோளாறு வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் குப்பியிலிருந்து அரை மில்லி மருந்தை உறிஞ்சும்போது கை நடுங்கியது. என் வீட்டுக்காரர் அடுத்த அறைக்கே போய்விட்டார். குத்தியது வலிக்கவேயில்லை, சத்தியமாக.

முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், அப்புறம் 5. இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசி அடங்கும் என்றார்கள். நான் உணர்ந்தது வேறு: சாயங்காலம் நாலு மணிக்கு மனசுக்குள் கேட்கும் 'பஜ்ஜி, பஜ்ஜி' என்ற நச்சரிப்பு நின்றுவிட்டது. மூன்று இட்லியோடு எழுந்துவிடுகிறேன்.

5க்கு மாறிய வாரம்தான் மோசம். கல்யாணப் பந்தியில் பழக்க தோஷத்தில் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் குமட்டல். மலச்சிக்கல் இன்னும் விடவில்லை. எடையோடு தசையும் குறையுமாம். அதனால் தினம் இரண்டு முட்டை.

விலைதான் நெஞ்சைப் பிடிக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375. மாதத்துக்கு நான்கு வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து என்பதால், கரண்ட் போனால் நான் முதலில் ஓடுவது ஃப்ரிட்ஜுக்குத்தான். நிறுத்தினால் எடை திரும்பிவிடும் என்கிறார் மருத்துவர். இன்னும் எத்தனை ஞாயிறு என்று கணக்குப் போடவே பயமாக இருக்கிறது.