நான்கு வருட வாட்டர்கலர் அனுபவம்: காசை முதலில் தாளில் போடுங்கள்

நான் வாட்டர்கலர் பழக ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் வாங்கியதில் பாதிக்கு மேல் இப்போது என் மேசையில் கிடையாது. மீதி தேய்ந்துபோனாலும் விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தாள். எல்லாரையும் போல நானும் 36 நிறம் கொண்ட பெட்டி ஒன்றும் சாதாரண ஸ்கெட்ச் புத்தகம் ஒன்றும் வாங்கித்தான் தொடங்கினேன். இரண்டு முறை பிரஷ் போனதுமே தாள் அலை அலையாக எழும்பிவிடும். மூன்றாம் முறை போனால் மேல்பரப்பு நூல் நூலாக உரிந்து சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அங்கே மட்டும் கருத்துப்போகும். கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்து ஆறு மாதம் அதே தாளில் வானம் வரைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு நண்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் தாளில் பாதி கொடுத்தார். அதே வண்ணம், அதே பிரஷ். பலகையைக் கொஞ்சம் சாய்த்து, மேலே ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் கீழ் விளிம்பில் நீலத் தண்ணீர் ஒரு மணிச்சரம் போலத் திரண்டு நின்றது. பிரஷ்ஷை மறுபடி நனைத்து எடுத்து வரும்வரை அது அப்படியே இருந்தது. அடுத்த கோட்டால் அதைத் தொட்டதும் முழுவதும் கீழே இறங்கி வந்தது. இப்படியே இறக்கிக்கொண்டு போனால் வானம் ஒரு திட்டுகூட இல்லாமல் படிந்துவிட்டது. என் பழைய தாள் அந்தத் தண்ணீரை உடனே குடித்துவிடும். அடுத்த கோட்டுக்கு எதுவும் மிஞ்சாது.

காரணம் எளிது. பருத்தி நார் நீளமானது, நனைந்தாலும் உறுதி குறையாது. அதோடு நல்ல தாள்களில் ஜெலட்டின் போன்ற பொருளைச் சேர்த்திருப்பார்கள். சைஸிங் என்பது அதைத்தான். அதனால் வண்ணம் உள்ளே ஓடாமல் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் நாம் எல்லா வேலையும் செய்கிறோம்.

காட்டன் தாள் விலை அதிகம்தான். மரக்கூழில் செய்த செல்லுலோஸ் தாள் நிறம் கலந்து பார்க்கவும் கோடு பழகவும் தாராளமாகப் போதும். ஆனால் ஈரத்தின் மேல் ஈரம், காய்ந்த நிறத்தின் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு, இவற்றைப் பழகக் காட்டன் வேண்டும். முழுத் தாள் 56 × 76 செ.மீ. அதை வாங்கி 28 × 19 அளவில் எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வரையலாம். தொடங்குபவர்களுக்கு லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ் சரியாக இருக்கும். வழவழப்பான ஹாட் பிரஸ்ஸில் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இன்னொன்று, தாளை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நான் ஒரு கட்டுத் தாளை ஈரப்பதமான அலமாரியில் பல மாதம் விட்டுவிட்டேன். சைஸிங் கெட்டுப்போய், வண்ணம் தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கியது.

சரி, வண்ணத்துக்கு வருகிறேன். அந்த 36 நிறப் பெட்டியை ஒன்றரை வருடத்தில் ஒதுக்கிவிட்டேன். இப்போது என்னிடம் எட்டு ட்யூப்தான். பேன் எனப்படும் சின்னக் காலிக் கிண்ணங்களில் பிதுக்கிக் காயவைத்துக்கொள்கிறேன். ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் மறுபடி இளகிவிடும். வாங்கும்போது ட்யூப்பின் பின்பக்கம் உள்ள பிக்மென்ட் (நிறமி) எண்ணைப் பாருங்கள். அல்ட்ராமரீன் என்றால் பிபி 29 என்று இருக்கும். ட்யூப்பில் ஒரேயொரு எண் மட்டும் இருக்கும் நிறங்கள் கலக்கும்போது சேறாவது குறைவு. அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தாலே மழைமேகச் சாம்பலில் இருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரை எல்லாம் கிடைக்கிறது. கறுப்பு ட்யூப் வாங்கி மூன்று வருடம் ஆயிற்று. தேலோ நீலத்தை மட்டும் பிரஷ் நுனியில் துளி எடுங்கள். கலவை முழுவதையும் அது ஒன்றே பிடித்துக்கொள்ளும், தாளில் படிந்தால் சுலபமாக அழிக்கவும் முடியாது.

மனசுக்கு வருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் வரைந்த ரோஜாப் படத்தை ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டியிருந்தேன். பளிச்சென்ற ஃப்ளூரசன்ட் இளஞ்சிவப்பு. ஒரு வருடத்துக்குள் இதழ்கள் வெளுத்து, இலையும் தண்டும் மட்டும் அப்படியே நின்றன. இந்த வகை இளஞ்சிவப்பும், பிஆர் 83 என்ற அசல் அலிசரின் கிரிம்சனும் வெளிச்சத்தில் மங்கக்கூடியவை. இப்போது பிவி 19 என்ற க்வினாக்ரிடோன் சிவப்பைத்தான் பயன்படுத்துகிறேன். புது நிறம் வாங்கினால் ஒரு பட்டை பூசி, பாதியை அட்டையால் மூடி, ஜன்னலில் சில மாதம் ஒட்டிவைத்துப் பார்ப்பேன்.

பிரஷ் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுனி கூராகக் குவியும் 8 எண் ரவுண்ட் சிந்தெடிக் ஒன்று, பெரிய பரப்புக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும் பருத்த மாப் பிரஷ் ஒன்று, போதும். என் சிந்தெடிக் பிரஷ்ஷின் நுனி ஒன்றரை வருடத்தில் கொக்கி போல வளைந்துவிட்டது. இப்போது அதை வண்ணம் கலக்க மட்டும் வைத்திருக்கிறேன். எந்தப் பிரஷ்ஷையும் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைக்காதீர்கள். நுனி மடங்கும், உலோகப் பிடிக்குள் இருக்கும் பசையும் விடும்.

கடைசியாகக் கைக்கு வந்தது தண்ணீர்க் கணக்கு. நனைந்த தாளைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் நிறம் ஓடிப் பரவும். மினுக்கம் அடங்கி மங்கலாகத் தெரிந்தால் ஓரங்கள் மென்மையாக நிற்கும். அந்த நேரத்தில் அதிகத் தண்ணீருள்ள பிரஷ்ஷால் தொட்டால், ஏற்கெனவே இருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கற்ற விளிம்போடு ஒரு திட்டு விரியும். காலிஃப்ளவர் என்பார்கள். அது வந்துவிட்டால் தடவித் திருத்தப் போகாதீர்கள், முழுவதும் காயட்டும். காய்ந்ததா என்று அறியப் புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம், காய்ந்தால் நிறம் வெளுக்கும். அதனால் கொஞ்சம் அடர்த்தியாகவே பூசுகிறேன்.

இப்போது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, தாள், நிற எண்கள் மூன்றையும் பென்சிலில் எழுதிவைக்கிறேன். போன வாரம் முதல் வருட வானம் ஒன்றைத் தேடி எடுத்து, அதே வானத்தைக் காட்டனில் மறுபடி வரைந்தேன். இரண்டும் இப்போது மேசைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.